சும்மா அம்பது நிமிஷம்

டேப்பை உரிச்சாச்சு. இனி அம்பது நிமிஷத்துக்கு நான் எந்திரிக்கக் கூடாது. எதுத்தாப்புல ஸ்டூல் மேல பால்பவுடர் டப்பா நிக்குது. உள்ளுக்குள்ள கறுப்புப் பெயிண்ட், பக்கவாட்டுல ஊசியால குத்தி டேப் ஒட்டி வச்சிருந்த ஒரே ஒரு ஓட்டை, ஓட்டைக்கு நேரா உள்பக்கம் ஒட்டி வச்ச போட்டோத் தாள். கையிருப்புல கடைசித் தாள். கடிகாரத்துல சரியா மூணு. இதுதான் என் கேமரா, சிரிக்கிறவுக சிரிச்சுக்கிறட்டும். லென்ஸ் இல்ல, பட்டன் இல்ல, ஒண்ணு ரெண்டு மூணு சொல்ல ஆள் இல்ல. அந்த ஊசி ஓட்டை வழியா வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமா உள்ள போயி தாள்ல படியணும். இந்த ஹால் வெளிச்சத்துக்கு அம்பது நிமிஷம் பிடிக்கும், அதுக்காகத்தான் வாசக்கதவைப் பப்பரப்பான்னு திறந்து போட்டிருக்கேன். அதுவரைக்கும் அசையாம இருக்கிறது எதுவோ அதுதான் படத்துல விழும். சுவரு விழும், நாற்காலி விழும், காலண்டர் காத்துல ஆடாம இருந்தா விழும். குறுக்க நடக்கிற ஆளு விழவே மாட்டாரு, வந்து போன தடமே இருக்காது. மூச்சு விடலாம், கண்ணைச் சிமிட்டலாம், நாலு வார்த்தை பேசுனாக் கூட டப்பா கண்டுக்காது. எந்திரிச்சாத்தான் போச்சு. சரி, உக்காந்தாச்சு. முதுகு நாற்காலியில படுது. கை ரெண்டும் மடியில, வெறுங்கையா. வெறுங்கையை எப்படி வைக்கிறதுன்னே தெரியல, இரவல் வாங்குன கை மாதிரி இருக்கு. உள்ளங்கையை மேல பார்த்து வச்சா பிச்சை கேக்குற மாதிரி, கவுத்து வச்சா பள்ளிக்கூடத்துல வாத்தியாரு சொல்லி வச்ச மாதிரி. கெடக்கட்டும், எப்படி விழுந்துச்சோ அப்படியே கெடக்கட்டும். மூணு ஒண்ணு.

இந்த யோசனை எனக்கு வந்தது ஒரு சடங்கு வீட்டு ஆல்பத்தாலதான். பதினாறு வருசமா சடங்கு, வளைகாப்புன்னு போட்டோ எடுக்கிறேன். பொம்பளைப் போட்டோக்காரின்னா பிள்ளைக கூச்சமில்லாம நிக்கும்னு தேடி வந்து கூப்பிடுவாக. ஒரு வீட்டுல ஆல்பத்தைக் குடுத்தேன், அறுநூறு படம். பிள்ளையோட அப்பன் புரட்டிப் பார்த்துட்டு, என் வீட்டுக்காரியை ஏன் எடுக்கலைன்னு எம்மேல பாயிறான். அறுநூறுல அவ மூணுல இருக்கா, அதுல ஒண்ணுல முதுகு. அடப்பாவி மனுசா, அவ எங்கய்யா நின்னா, நான் எடுக்க? பந்திக்கும் அடுப்புக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருந்தவளை எந்தக் கேமராய்யா பிடிக்கும்? வாயில வந்ததை முழுங்கிட்டு வந்தேன். பஸ்ல வரும்போது யோசனை அங்கேயே சுத்திச் சுத்தி வந்துச்சு. ஓடுறவளை விரட்டி விரட்டிப் பிடிக்கிறது ஒரு வேலையா? ஓடுறவளைக் காணாமப் போகவிடுற கேமரா ஒண்ணு இருந்தா? மதுரையில ஒரு பயிற்சி வகுப்புல டப்பா கேமரா செய்யச் சொல்லிக் குடுத்தாக, அப்ப விளையாட்டா நினைச்சேன். அது இதுக்குத்தான்னு பஸ்ல உறைச்சுச்சு. அன்னையிலேருந்து நான் படம் எடுக்கிற ஆளு இல்ல, விதி போடுற ஆளு. முதல்ல யோசனை, அதுக்கு ஒரு விதி, விதியை மீறாம உக்காரணும், அப்புறம் தாள்ல விழுறது விழட்டும். உக்கார்ற பொம்பளை யாரோ அவுக வீடு, அவுகளுக்குப் பிடிச்ச நாற்காலி, அம்பது நிமிஷம், கையில ஒண்ணும் இருக்கக் கூடாது, வீட்டுல யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அழகா வரணும்னு ஒரு சொம்பைக் கூட நான் நகட்டி வைக்க மாட்டேன். சென்னையில கண்காட்சி வைக்கிற நரேன்ங்கிறவரு போன்ல கேக்குறாரு, வெறும் நாற்காலியா இருக்கே மேடம், நாற்காலியை யாரு வேணா எடுக்கலாமே, ஒரு முகம் வேணும், கண்ணுல ஒரு வலி வேணும், அடுப்புப் பக்கம் பழைய சேலையில உக்கார வச்சு எடுத்தா என்னன்னு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். நாற்காலியை எவனும் எடுக்கலாம் சார், அதுலேருந்து ஒருத்தி எந்திரிச்சுப் போனதை எவன் எடுத்தான்னு கேட்டேன். அதுக்கப்புறந்தான் சரின்னாரு. பன்னெண்டு படத்துக்கு இடம் குடுத்திருக்காரு. வலி வேணுமாம் வலி. மூக்கு நுனி அரிக்குது. சொறியலாமா, கூடாதா? சொறியலாம், ஒரு நொடி சொறியிறது டப்பாவுக்குத் தெரியாது. ஆனா ஒரு நொடி ரெண்டு நொடியாகும், அப்புறம் காது அரிக்கும். வேணாம், அரிக்கட்டும், நானா அதுவான்னு பார்த்துருவோம். மூணு ஆறு.

பத்து வீட்டுல பத்து நாற்காலி, பத்துப் பேரும் எந்திரிச்சுட்டாக. ஒருத்தி நாலாவது நிமிஷமே, மோட்டார் சுவிட்சு போட்டமானிக்கு இருக்குன்னு ஓடிட்டா. ஒருத்தி முப்பது நிமிஷம் பிள்ளையாராட்டம் இருந்தா. புருஷன் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டுச்சு, அவளுக்கே தெரியாம எந்திரிச்சு நின்னுட்டா. நின்ன பிறகுதான் எந்திரிச்சதே தெரிஞ்சு, என்னைப் பார்த்து முழிக்கிறா. அவ மட்டும் படத்துல புகையாட்டம் லேசா இருக்கா, பின்னால இருக்கிற பீரோ அவ நெஞ்சு வழியாத் தெரியுது. மத்ததெல்லாம் வெறும் நாற்காலி. பதினோராவது ஆளுதான் செல்லத்தாய் அக்கா, மாவு அரைச்சு விக்கிறவுக. மனுசி முழுசா அம்பது நிமிஷம் உக்காந்துட்டாக. ஆனா நான் டேப்பை உரிச்சுட்டு வெளிய போன பிறகு, பக்கத்துல இருந்த பூண்டுச் சொளவை எடுத்து மடியில வச்சு உரிச்சிருக்காக. சும்மா உக்காந்தா எப்படியோ வருதுத்தான்னு சொன்னாக. படத்துல முகம் தெளிவா இருக்கு, மூக்குத்தி தெரியுது, சேலைக் கரை தெரியுது. முழங்கைக்குக் கீழ கையே இல்ல. அம்பது நிமிஷமும் அசைஞ்ச கை, விழல. அதைப் பார்த்தப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்? அக்கா, பத்து நாற்காலியும் சொல்லாததை உங்க ரெண்டு கையும் சொல்லிருச்சுன்னு காலைத் தொட்டிருக்கணும். புத்தி கெட்ட சிறுக்கி, நான் சொன்னது, விதி தப்பிப் போச்சுக்கா, இந்தப் படம் செல்லாது, அம்பது நிமிஷம் வெறுங்கையோட உக்காரக் கூடவா முடியாது. இப்ப நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கிறலாம் போல இருக்கு. அந்தக்கா கத்தல. சொளவைக் கீழ வச்சுட்டு நிதானமா எம்முகத்தைப் பார்த்துச் சொன்னாக: "நீ உக்காந்திருக்கியா வடிவு? உன் வீட்டுல, உன் மாமியா இருக்கிற நேரத்துல, வாசக்கதவைத் திறந்து வச்சு உக்காந்து காட்டு. அப்புறம் எங்க படத்தை எங்க வேணா கொண்டுபோயி மாட்டு." மறுநாளே பதினொரு பேரும் ஒண்ணு சேந்துட்டாளுக. நான் உக்காந்த படத்தைக் கண்ணால பார்க்காம ஒரு நாற்காலியும் சென்னைக்குப் போகாதுன்னுட்டாளுக. நியாயந்தான், சரின்னேன். இப்ப நான் எந்திரிச்சா பன்னெண்டும் போச்சு, ரெண்டு வருசம் போச்சு. நாளைக்கு அந்தக்கா முகத்துல முழிக்க முடியாது.

மூணு பதினாலு. தெருவுல யாரோ தண்ணி தண்ணின்னு குரல் குடுக்குறாக. ஆத்தாடி, இன்னைக்கா? எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி, நாளைக்குத்தானே முறை. குடம் உருள்ற சத்தம், குழாயடி மூடி கழட்டுற சத்தம், எதுத்த வீட்டுக்காரி செருப்பில்லாம ஓடுற சத்தம். என் கால் பெருவிரல் ரெண்டும் தரையை அழுத்துது. நான் அழுத்தச் சொல்லல, அதுவா அழுத்துது. தொடை இறுகுது. ஏ வடிவு, உக்காரு, நீதான் உக்காந்திருக்கிறவ, கால் இல்ல. ஒரு வாரத்துக்குத் தண்ணியில்லாம என்ன செய்யப் போற? விலைக்கு வாங்குவேன். குளிக்காமக் கெடப்பேன். எந்திரிக்க மாட்டேன். உள் ரூம்புல கட்டில் முனகுது, அத்தை முழிச்சுட்டாக. என் மாமியா, எழுபத்தோரு வயசு, முட்டித் தேய்மானம். வடிவு, தண்ணி வந்துருச்சுத்தான்னு அங்கயிருந்தே சொல்றாக. இப்ப எந்திரிக்க முடியாது அத்தைன்னேன். வெளிய வந்து நிக்கிறாக. என்னைப் பாக்குறாக, டப்பாவைப் பாக்குறாக. மேலுக்கு முடியலையான்னு கேக்குறாக, இல்லைன்னேன். தலை சுத்துதா, இல்ல. பெறகென்னன்னு கேட்டாக, போட்டோன்னேன். போட்டோவுக்கு எதுக்கு இம்புட்டு நேரம், வடைக்கு ஊறப்போட்டமாதிரின்னு முணங்கிக்கிட்டே குடத்தை எடுக்குறாக. நான் எதிர்பார்க்கல. இல்ல, பொய் சொல்லக் கூடாது, எதிர்பார்த்தேன். குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு எனக்கும் டப்பாவுக்கும் நடுவால அடுப்படிக்குப் போறாக. ஒரு குடம். திரும்பி வர்றாக. ரெண்டு குடம். மூணாவது குடத்துக்கு நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு மூச்சு வாங்குறாக. பார்க்காத, காலண்டரைப் பாரு, கடிகாரத்தைப் பாரு. மனசு இளகுச்சுன்னா முடிஞ்சது. இளகி இளகித்தான் பத்துப் பேரும் எந்திரிச்சாளுக.

அத்தை மட்டும் லேசுப்பட்டவுகளா? நான் வாக்கப்பட்டு வந்த மூணாம் மாசம், மாமா உயிரோட இருந்தாரு. இந்த ஹால்ல உக்காந்து வாரப் பத்திரிகை படிச்சுக்கிட்டு இருக்கேன், கதை முடியப் போகுது, மாமா வெளியிலேருந்து உள்ள வந்ததை நான் கவனிக்கல. எந்திரிக்கல. அத்தை பார்த்துட்டாக. பின்னால வந்து, புஜத்துக்கு உள்பக்கம், வெளிய தெரியாத இடத்துல, நகத்தால ஒரு கிள்ளு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. எந்திரிச்சுட்டேன். அந்தக் கதை எப்படி முடிஞ்சுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினெட்டு வருசம் ஆச்சு, வாசல்ல நிழல் விழுந்தாப் போதும், உடம்பு தானா எந்திரிக்குது. பால்காரன் நிழலுக்கு எந்திரிச்சிருக்கேன், நாய் நிழலுக்கு எந்திரிச்சிருக்கேன். இதுதான் என் பயமே. வேலைக்குப் பயப்படல, அரிப்புக்குப் பயப்படல. செருப்புச் சத்தம் கேட்டு எந்திரிச்சு நின்னாளே ஒருத்தி, எந்திரிச்சது அவளுக்கே தெரியாதே, அதுக்குத்தான் பயப்படுறேன். புத்தி உக்காரும், உடம்பு உக்காருமா? கிள்ளுன இடம் இப்பவும் சுள்ளுங்குது, சும்மா நினைப்புத்தான். கிள்ளுனவுக இப்ப எட்டாவது குடத்தோட போறாக. நல்லாச் சுமக்கட்டும்னு ஒரு மனசு சொல்லுது. சீ, என்ன மனசுடி இதுன்னு இன்னொண்ணு. ரெண்டும் அடிச்சுக்கிறட்டும், நான் நடுவுல உக்காந்திருக்கேன். வெளிச்சம் மங்குது. மேகம். மாடியில காலையில காயப்போட்ட துணி இருக்கு, எங்க வீட்டுக்காரரு வேட்டி, போர்வை. மழை வந்தா நனையட்டும். அத்தை வானத்தைப் பார்த்துட்டு மாடிப்படி ஏறுறாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா. நான் கூப்பிடல, போக வேணாம்னு சொல்லவும் இல்ல. மேகம் விலகிருச்சு, ஒரு சொட்டு விழல. அத்தை துணி மூட்டையோட இறங்கி வர்றாக. மூணு முப்பது. இடது கால் மரத்துப் போச்சு, நல்லதாப் போச்சு, இனி அது நினைச்சாலும் எந்திரிக்க முடியாது.

மூணு முப்பத்தாறுக்கு வாசல்ல நிழல் விழுந்துச்சு. நாய் இல்ல, பால்காரன் இல்ல. வெள்ளை வேட்டி, கையில தாம்பாளம். தவசிலிங்கம் அத்தான், எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை. உரக்கடை முதலாளி, சொந்தபந்தத்துல பஞ்சாயத்துன்னா நடுவுல உக்கார்றவரு. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு, நாள் நெருங்கிருச்சு, அவரு சம்சாரம் ஒரு தெரு இவரு ஒரு தெருன்னு பிரிச்சுக்கிட்டுப் பத்திரிகை வைக்கிறாகன்னு கேள்விப்பட்டேன், அது இன்னைக்கு எங்க தெருவுன்னு யாரு கண்டா? என் தொடை தூக்குது. நிசமாவே தூக்குது, முதுகு நாற்காலியை விட்டு ஒரு விரக்கடை வந்துருச்சு. மரத்த கால்தான் காப்பாத்துச்சு, ஊசி குத்துனமாதிரி சுள்ளுன்னு ஏறுச்சு, அப்படியே சாஞ்சுட்டேன். வாங்க அத்தான்னேன், உக்காந்தமானிக்கு. அவரு காதுல விழல, இல்ல விழுந்தும் நம்பல. உள்ள வந்து என் நாற்காலிக்குப் பக்கத்துல நின்னு தாம்பாளத்தை நீட்டுறாரு. பத்திரிகை, வெத்தலை பாக்கு, பழம், குங்குமச்சிமிழ். இதை எப்படி வாங்கணும்னு மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். எந்திரிச்சு நின்னு, முந்தானையை இழுத்துச் சொருகி, கிழக்க பார்த்து, ரெண்டு கையாலயும் வாங்கணும். உக்காந்துக்கிட்டு வாங்குனா அந்தக் கல்யாணத்தையே மதிக்கலைன்னு அர்த்தம். அப்படி வாங்குன ஒரு வீட்டோட எங்க சொந்தத்துல ஒம்பது வருசம் பேச்சுவார்த்தை இல்ல. அவரு கை நீட்டுனபடி நிக்குது, நான் பாக்குறேன், அவரு பாக்குறாரு. அத்தான், மன்னிச்சுக்கங்க, இன்னும் பதினாலு நிமிஷம் என்னால எந்திரிக்க முடியாது, அந்த டப்பாவுல போட்டோ ஓடிக்கிட்டிருக்கு, செத்த உக்காருங்கன்னு சொன்னேன். சொல்லியாச்சு. அவரு என்கிட்டப் பேசல. அடுப்படிப் பக்கம் திரும்பி, "சித்தி, உங்க மருமக எந்திரிக்க மாட்டாளா?"ன்னு கேக்குறாரு.

அத்தை ஓடி வர்றாக. வாய்யா தவசின்னு சிரிக்கப் பாக்குறாக, என்னைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில நிக்குது. அதோ வருது, கிள்ளு வருதுன்னு என் புஜம் தானா ஒடுங்குது. வரல. அத்தை நாற்காலி எடுத்துட்டு வந்து போடுறாக, அவரு உக்காரல. தண்ணி கொண்டு வர்றாக, அவரு வாங்கல. நான் நிக்கிறேன் சித்தி, எம்புட்டு நேரமானாலும் நிக்கிறேன், எந்திரிக்கிறாளா இல்லையான்னு பார்த்துட்டே போறேங்கிறாரு. நிக்கட்டும். மனுசன் ரோசத்துல மரமாட்டம் நிக்கிறாரு, தாம்பாளம் கூட ஆடல. ஐயோ, எனக்குச் சிரிப்பு வருது. அத்தான், நீங்க அசையாம நின்னா படத்துல விழுந்துருவீக, புகையாட்டம், தாம்பாளமும் கையுமா, காலண்டர் உங்க வயித்து வழியாத் தெரியும். சிரிக்காத வடிவு, தோள் குலுங்கும். சிரிப்பு அடங்குனதும் பயம் ஏறுது. எங்க வீட்டுக்காரவுக வந்ததும் என்ன சொல்வாக? அண்ணன் நின்னாரு, நீ உக்காந்திருந்தியான்னு கேப்பாக. கேக்கட்டும், கேட்டா உக்காந்துதான் பதில் சொல்வேன். மூணு நாப்பத்திரண்டு. எனக்கு ஒரு வழி தோணுச்சு, நல்ல வழி, ஏன் முன்னாலயே தோணல. "அத்தான், கல்யாணத்துக்கு முத ஆளா நான் வந்து நிப்பேன். பத்திரிகையை அத்தை கையில குடுங்க. இந்த வீட்டுக்குப் பெரியவுக அவுகதானே." அவரு அத்தையைப் பார்த்தாரு, குங்குமச்சிமிழைப் பார்த்தாரு. குடுக்கல. தாலியறுத்தவுக கையில மங்கலப் பத்திரிகை குடுக்கிற வழக்கம் இல்லையே. அவரு கூட வாயால சொல்லல, அத்தை அவுகளாவே ஒரு எட்டு பின்னால போயிட்டாக. ஈரக்கையை முந்தானையில துடைச்சு, முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாக. எத்தனை கல்யாணத்துல இப்படி ஒரு எட்டு வச்சிருப்பாக, நான் எத்தனை தடவை அதைக் கேமரா வழியாப் பார்த்துட்டு, கொஞ்சம் தள்ளிக்கங்க அத்தைன்னு சொல்லியிருக்கேன். தவசிக்குக் காப்பி போடுறேன்னு அத்தை அடுப்படிக்குப் போயிட்டாக. பால் பாத்திரம் வைக்கிற சத்தம்.

மூணு நாப்பத்தெட்டு. ஜெயிக்கப் போறேன். செல்லத்தாய் அக்கா, பார்த்துக்கங்க, தண்ணி வந்தும் உக்காந்தேன், மழை இருட்டியும் உக்காந்தேன், மூத்தார் பத்திரிகையோட நின்னும் உக்காந்தேன். சென்னைக்காரரு பார்த்துட்டுக் கை தட்டுவாரு, அடடா, கடைசியில ஒருத்தி உக்காந்துட்டாளேன்னு. படம் எப்படி விழும்னு இப்பவே கண்ணுல ஓடுது. நடுவுல நான், தெளிவா, பக்கத்துல புகையா அவரு, சுத்தி வீடு, வீட்டுல வேற ஆளே இல்லாத மாதிரி. வேற ஆளே இல்லாத மாதிரி. எங்கயோ இடிக்குது. இந்த ஹாலைக் குறுக்க மறுக்க எத்தனை தடவை அத்தை கடந்தாக? எட்டுக் குடம், போக வரப் பதினாறு. துணிக்கு ரெண்டு. நாற்காலிக்கு, தண்ணிக்கு, காப்பிக்கு. இருபதுக்கு மேல. டப்பாவுல ஒரு துளி கூட இருக்க மாட்டாக. நான் உக்காந்தேன்னு நான் மார் தட்டிக்கிட்டு இருக்கேன், எனக்குப் பதிலா எந்திரிச்சது யாரு? அந்தப் பத்துப் பேருக்கு எந்திரிக்க வேற ஆள் இல்ல, அதான் அவுக எந்திரிச்சாக. எனக்கு ஒரு கிழவி கெடைச்சா, முட்டி தேஞ்ச கிழவி. எல்லாத்து மேலயும் கோவம் கோவமா வருது, அந்த நரேன் மேல, மரமாட்டம் நிக்கிற இவரு மேல, முருகா முருகான்னு படி ஏறுன அந்த மனுசி மேல, எல்லாரையும் விட எம்மேல. முள்ளு அம்பதைத் தொட்டுருச்சு. எந்திரிச்சு ஓட்டையில டேப்பை ஒட்டணும், அதுதான் விதி. போட்டவ நான்தானே. ஒட்ட மாட்டேன். வெளிச்சம் கூடித் தாள் கறுத்தாக் கறுக்கட்டும். "அத்தை, இங்க வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க."

அடுப்புல பால் இருக்குங்கிறாக, எட்டிப் பார்த்து. பொங்குனாப் பொங்கட்டும் அத்தை, வாங்கன்னேன். எம்புட்டு நேரத்துக்குன்னு கேக்குறாக. இன்னொரு அம்பது நிமிஷம்னேன். உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு கேட்டாக, ஆமா அத்தைன்னேன். மூத்தாருக்குப் போட்ட நாற்காலி என் பக்கத்துல சும்மாக் கெடக்கு. அத்தை அதைப் பாக்குறாக, ஆம்பளை நிக்க உக்கார்றதான்னு அவரைப் பாக்குறாக, என்னைப் பாக்குறாக. என் மூஞ்சியில என்ன தெரிஞ்சுச்சோ. முட்டி கடுக்குதுய்யா தவசி, செத்த உக்காந்துக்கிறேன்னு அவருகிட்டச் சாக்குச் சொல்லிட்டு உக்கார்றாக, நாற்காலி விளிம்புல, எப்ப வேணா எந்திரிக்கிற மாதிரி. பின்னால சாஞ்சுக்கங்கன்னேன். சாஞ்சாக. எனக்கு அடுத்தாப்புல அவுக மூச்சு கேக்குது, இன்னும் வாங்குது. பால் வாடை வருது. அப்புறம் சொய்ங்னு சத்தம், பொங்கி பர்னர்ல வழியுது. அத்தை பாதி எந்திரிச்சுட்டாக. நான் மணிக்கட்டைப் பிடிச்சேன், கிள்ளல, சும்மாப் பிடிச்சேன். உக்காந்துட்டாக. ரெண்டு பேரும் டப்பாவைப் பார்த்துக்கிட்டு இருக்கோம். தீஞ்ச வாடை ஹால் முழுக்க வந்துருச்சு. அத்தான் எங்களைப் பாக்குறாரு, அடுப்படியைப் பாக்குறாரு, யாராச்சும் போவாகளான்னு பாக்குறாரு. அவரு கையில தாம்பாளம். மங்கலத் தட்டு, தரையில வைக்கக் கூடாது. ஸ்டூல் டப்பாவுக்குப் போச்சு. கேஸு நாத்தம் வர ஆரம்பிக்குது. மனுசன் ரெண்டு எட்டு முன்னால வர்றாரு, பின்னால போறாரு, "சித்தி, இதைப் பிடிங்க"ன்னு தாம்பாளத்தை அத்தை மடியில வச்சுட்டு அடுப்படிக்கு ஓடுறாரு. அத்தை கை ரெண்டும் தட்டோட விளிம்பைப் பிடிச்சிருக்கு, குங்குமச்சிமிழ் லேசா ஆடி நிக்குது. என்னைத் திரும்பிப் பார்க்கல, டப்பாவையே பாக்குறாக. உள்ளேருந்து அத்தான் சத்தம் போடுறாரு, சித்தி, அடுப்பை எந்தப் பக்கம் திருப்பி அணைக்கணும்னு. அத்தை உக்காந்த இடத்துலேருந்தே, வலது பக்கம்யாங்கிறாக.